அட்டை இருக்கிறது, மாத்திரைக்கு யார் காசு?

ஜூன் 8, 2025 – வள்ளியூர் வாசகர் ஒருவரின் கேள்வி

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை ஐந்து லட்சம் ரூபாய்க்கு வீட்டில் இருக்கிறது. அப்புறம் எதற்கு இங்கிலாந்தைப் பார், கனடாவைப் பார் என்று பேசிக்கொண்டே இருக்கிறோம்? அனைவருக்கும் மருத்துவம் தமிழ்நாட்டுக்கு வந்தாயிற்று என்பதுதான் என் வாதம். இல்லை என்கிறவர்கள் எந்த நாட்டிலிருந்து எதைப் படிக்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

ஜூன் 8, இரவு

அண்ணாச்சி, அந்த அட்டை ஆஸ்பத்திரியில் படுத்தால் பேசும். நடந்து வந்து மாத்திரை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவருக்குப் பேசாது. நான் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன். சேரன்மகாதேவி, முக்கூடல், கடையம் பக்கம்தான் பெரும்பகுதி வேலை. மருந்து கொடுக்கும் சன்னலுக்கு உள்பக்கம் நின்று பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். ஒரு நாட்டில் அனைவருக்கும் மருத்துவம் இருக்கிறதா என்று பார்க்க ஆபரேஷன் தியேட்டருக்குப் போக வேண்டாம். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாதாமாதம் மாத்திரை வாங்க வருகிறவர் கையில் எவ்வளவு காசு வைத்திருக்க வேண்டும், அதற்காக எத்தனை மணி நேரம் வேலையை விட வேண்டும், இந்த இரண்டையும் பாருங்கள்.

இந்தியாவில் மருத்துவத்துக்கு ஆகும் மொத்தச் செலவில் மக்கள் கைக்காசாகக் கொடுப்பது 2013-14இல் 64.2 சதவீதம். 2021-22இல் அது 39.4 சதவீதம். மத்திய அரசின் கணக்கு இது. நன்றாகவே குறைந்திருக்கிறது. ஆனால் தாய்லாந்தில் இது ஏறக்குறைய பத்து சதவீதம். அவர்கள் நம்மைவிடப் பெரிய பணக்காரர்களாக ஆன பிறகு இதைச் செய்யவில்லை. அதைத் தனியாக எழுத வேண்டும்.

ஜூன் 10

தாய்லாந்து. 2001இல் சில மாகாணங்களில் ஆரம்பித்து 2002இல் நாடு முழுவதும் கொண்டுவந்தார்கள். அரசு ஊழியர்களுக்கு ஒரு திட்டம், கம்பெனித் தொழிலாளர்களுக்கு ஒரு திட்டம் என்று ஏற்கெனவே இருந்தது. இரண்டிலும் சேராத மீதிப் பேர், அதாவது நாட்டில் முக்கால்வாசிப் பேர், புதுத் திட்டத்துக்குள் வந்தார்கள். ஒரு தடவை பார்க்க முப்பது பாட், நம் காசுக்கு எழுபது எண்பது ரூபாய். ஏழைகளுக்கு அதுவும் இல்லை. இதை வடிவமைத்ததில் முக்கியமானவர் சங்குவான் நித்தயரம்போங் என்ற மருத்துவர். இளவயதில் வடகிழக்கே பின்தங்கிய கிராமப் பகுதியில் வேலை பார்த்தவர்.

முப்பது பாட் பற்றித்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது பணம் ஆஸ்பத்திரிக்குப் போகும் விதம். தலைக்கு இவ்வளவு என்று, முதலில் ஓர் ஆளுக்கு வருடத்துக்கு 1,202 பாட் கணக்கிட்டு, அந்த வட்டாரத்து ஆஸ்பத்திரிக்குக் கொடுத்துவிடுவார்கள். ஆள் வந்தாலும் வராவிட்டாலும் அந்தப் பணம் அங்கேதான். அப்படியானால் அந்த ஆஸ்பத்திரிக்கு எது லாபம்? ஆட்கள் முற்றிப்போய் வராமல் இருப்பது. சர்க்கரையை முதலிலேயே கட்டுக்குள் வைத்துவிட்டால் பணம் மிஞ்சும்.

நம் அட்டையில் பணம் போவது சிகிச்சைவாரியாக. காலை எடுத்தால் ஆஸ்பத்திரிக்குப் பணம் வரும். கால் போகாமல் பத்து வருடம் பார்த்துக்கொண்ட நர்சம்மாவுக்கும் மருந்தாளுநருக்கும் அந்தக் கணக்கில் ஒரு வரி கிடையாது. பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் சர்க்கரைப் புண்ணோடு கால் இழந்து படுத்திருந்தவர்களில் எங்கள் நிலையத்துக்கு மாத்திரை வாங்க வந்துகொண்டிருந்து இடையில் நின்றுபோன முகங்களைப் பார்த்திருக்கிறேன். ஏன் நின்றார்கள் என்பதுதான் இந்த விவாதமே.

ஜூன் 10, சிறு குறிப்பு

தாய்லாந்து பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. காப்பீடு வந்ததால் ஆஸ்பத்திரி வரவில்லை. ஆஸ்பத்திரி இருந்ததால்தான் காப்பீடு செல்லுபடி ஆயிற்று. படித்து முடித்த மருத்துவர் கிராமத்தில் கட்டாயம் வேலை பார்க்க வேண்டும் என்ற விதியும், தாலுகா அளவில் ஆஸ்பத்திரி கட்டுகிற வேலையும் அங்கே அதற்கு வெகுகாலம் முன்பே நடந்தவை.

ஜூன் 12

இலங்கையை விட்டுவிட்டீர்களே என்று தூத்துக்குடியிலிருந்து ஓர் அக்கா கேட்டிருக்கிறார். விடவில்லை, அது என் தொழிலோடு சேர்ந்தது என்பதால் பொறுமையாக எழுத நினைத்தேன்.

அங்கே அரசு ஆஸ்பத்திரியில் கட்டணத்தை 1951இல் எடுத்தார்கள். பிரசவத்தில் தாய் இறப்பது நம் நாட்டைவிட அங்கே வெகு குறைவு. வீடு தேடி வரும் குடும்ப நல மருத்துவிச்சிகள் அதற்கு ஒரு பெரிய காரணம். ஆனால் நான் சொல்ல வந்தது சேனக பிபிலே என்ற மருந்தியல் பேராசிரியரைப் பற்றி. ஒரே மருந்து பத்துப் பெயரில், பத்து விலையில் நாட்டுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டாயிரத்துக்கு மேல் இருந்த பட்டியலை அவர் அறுநூறு அளவுக்குக் குறைக்கச் சொன்னார். கம்பெனிப் பெயரில் வாங்காமல் மருந்தின் பெயரில், உலகம் முழுவதும் ஒப்பந்தப்புள்ளி கேட்டு, மொத்தமாக வாங்க அரச மருந்துக் கூட்டுத்தாபனத்தை 1971இல் ஏற்படுத்தினார்கள். உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துப் பட்டியல் என்று ஒன்றை முதன்முதலில் வெளியிட்டது 1977இல்தான். பக்கத்துத் தீவு அதற்கு முன்பே அந்த வழியில் நடந்துவிட்டது. பிபிலே 1977இல் கயானாவில் இறந்தார்.

நம் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் தொடங்கியது. மருந்தின் பெயரில் ஒப்பந்தப்புள்ளி, மாவட்டத்துக்குக் கிடங்கு, வந்த சரக்கை ஆய்வகத்தில் சோதித்துப் பார்த்த பிறகே விநியோகம். அதற்கு முன்னாலும் பின்னாலும் வேலை பார்த்த மூத்தவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன், சாக்குக் கணக்கில் ஏதோ ஒன்று வந்து இறங்கும், வேண்டியது வராது, வேண்டாதது அலமாரியில் காலாவதி ஆகும். கழகம் வந்த பிறகு ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு பாஸ்புக். அதில் வருடத்துக்கு இவ்வளவு ரூபாய் மதிப்பு என்று இருக்கும். நாங்கள் பட்டியல் போட்டுக் கிடங்கிலிருந்து எடுப்போம், எடுத்த மதிப்பு பாஸ்புக்கில் கழியும். எந்த மருந்து எவ்வளவு ஓடுகிறது என்று தெரிந்தவன் கையிலேயே எடுக்கும் உரிமை வந்தது. இதைப் பார்த்துத்தான் கேரளம் 2008இலும் ராஜஸ்தான் 2011இலும் தங்கள் கழகங்களைத் தொடங்கின.

எனவே வள்ளியூர் அண்ணாச்சி கேட்ட கேள்வியில் எனக்கு ஒரு மனவருத்தம் உண்டு. வெளிநாட்டில் படிப்பதற்கு முன்னால் நம் கிடங்கில் என்ன இருக்கிறது என்பதையும் பேச வேண்டும். மற்றவர்கள் வந்து படித்துப் போன பாடம் இது.

ஜூன் 13

அப்படியானால் எல்லா மருந்தும் இலவசம்தானே, இழுபறி எங்கே என்று தென்காசித் தம்பி கேட்கிறார். சரியான கேள்வி.

மருந்து இலவசம். அதை வாங்கும் காலை நேரம் இலவசம் இல்லை. முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் பெண்ணுக்கு ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான் கூலி. பீடித் தட்டை மடியிலிருந்து இறக்கி வைத்தால் கூலி நின்றுவிடும். நிலையத்தில் வெளிநோயாளிகளைப் பார்ப்பது காலையில். சர்க்கரை, பிரஷருக்கு என்று தனி நாள் வைத்திருப்போம், அன்றைக்குக் கூட்டம் இன்னும் அதிகம். சீட்டு எழுத ஒரு வரிசை, டாக்டரைப் பார்க்க ஒரு வரிசை, ரத்தம் எடுக்க ஒரு வரிசை, கடைசியாக என் சன்னல். அவள் அரை நாள் கூலியை விட்டுத்தான் அந்த இலவச மாத்திரையை வாங்குகிறாள். ரெண்டு மாதம் வருவாள். மூன்றாம் மாதம் பக்கத்துக் கடையில் ஒரு மாத்திரை அட்டை வாங்கி அதை ஒரு நாள் விட்டு ஒரு நாள் விழுங்குவாள். இதை எங்கள் பதிவேட்டில் "சிகிச்சையைத் தொடரவில்லை" என்று எழுதுவோம். அப்படி எழுதும்போதெல்லாம் எனக்கு உறுத்தும். தொடர முடியாதபடி வைத்தது நாம்.

2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டம் வந்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். சுய உதவிக் குழுப் பெண்களே தன்னார்வலர்களாக வீட்டுக்கு வந்து பிரஷர் பார்த்து, மாத்திரையைக் கையில் கொடுக்கிறார்கள். எங்கள் தெருவில் தட்டை மடியில் வைத்தபடியே கையை நீட்டிப் பிரஷர் பார்த்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். தாய்லாந்தில் கிராம சுகாதாரத் தன்னார்வலர்கள் பத்து லட்சத்துக்கு மேல் இருக்கிறார்கள். அவர்களிடமிருந்து நாம் படிக்க வேண்டியதில் பாதியைத் தொடங்கிவிட்டோம். அந்தப் பெண்களுக்கு ஊக்கத்தொகை என்று கொடுப்பதைச் சம்பளம் என்று கொடுக்கிற நாள் வர வேண்டும். அது வந்தால்தான் ஆள் மாறாமல் நிலைக்கும்.

ஜூன் 17

பிரிட்டன். எல்லோரும் முதலில் சொல்லும் நாடு, எனக்கு மூன்றாவதாக வருகிறது. அனைவருக்கும் மருத்துவச் சேவை வேண்டும் என்ற பெவரிட்ஜ் அறிக்கை வந்தது 1942இல். அனாய்ரின் பெவன் சுகாதார அமைச்சராக இருந்து தேசிய சுகாதாரச் சேவையைத் தொடங்கியது 1948 ஜூலை 5. வேல்ஸில் ட்ரெடிகர் என்ற சுரங்க ஊர் அவருடையது. அங்கே தொழிலாளர்கள் கூலியில் ஒரு சிறு பங்கு போட்டுத் தங்களுக்கென்று ஒரு மருத்துவ உதவிச் சங்கம் நடத்திவந்தார்கள். அதைத்தான் நாட்டுக்கே விரித்ததாக அவர் நினைத்தார்.

மருந்து விஷயத்தில் அங்கே நடந்ததைப் பாருங்கள். கண்ணாடிக்கும் பல்செட்டுக்கும் காசு வாங்க அரசு முடிவெடுத்தபோது 1951இல் பெவன் பதவியை விட்டார். மருந்துச் சீட்டுக்குக் கட்டணம் 1952இல் வந்தது, 1965இல் போனது, 1968இல் திரும்ப வந்தது. இன்றைக்கு வேல்ஸ், வட அயர்லாந்து, ஸ்காட்லாந்து மூன்றிலும் கட்டணம் இல்லை. இங்கிலாந்தில் உண்டு, ஒரு மருந்துக்கு 9.90 பவுண்டு. ஆனால் அறுபது வயது ஆனவர், குழந்தைகள், மருந்தால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துகிறவர் என்று விலக்கு நீளமானது. கொடுக்கும் மருந்துகளில் பத்தில் ஒன்பது அளவுக்குக் காசு வாங்காமல்தான் போகிறது. மாதாமாதம் தின்ன வேண்டியவனிடம் காசு கேட்டால் அவன் தின்பதை நிறுத்துவான் என்று அவர்களுக்குத் தெரியும்.

ஜூன் 18

பிரிட்டனில் மூட்டு மாற்ற வருடக்கணக்கில் காத்திருக்கிறார்களே என்று ஒருவர் கேட்கிறார். உண்மை. 2023இல் இங்கிலாந்தில் காத்திருப்போர் பட்டியல் எழுபது லட்சத்தைத் தாண்டிப் போனது. பதினெட்டு வாரத்துக்குள் சிகிச்சை என்ற இலக்கை 2016க்குப் பிறகு அவர்களால் எட்ட முடியவில்லை. பெயர் பெற்ற முறை என்பதற்காக அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பட்டியலில் பெயர் இருக்கிற மூதாட்டிக்கு ஒரு குடும்ப மருத்துவர் இருக்கிறார், மாத்திரை வந்துகொண்டிருக்கிறது. நம் ஊரில் காத்திருப்பவரின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்.

ஜூன் 22

ஜெர்மனி பற்றிக் கேட்டவர்களுக்கு. என் அக்கா மகன் அங்கே வேலை பார்க்கிறான். தொண்டை வலிக்கு டாக்டரிடம் போனான், டாக்டருக்குக் காசு இல்லை, மருந்துக் கடையில் ஐந்து யூரோ கொடுத்தான். மருந்து விலையில் பத்து சதவீதம், ஐந்து யூரோவுக்குக் குறையாது, பத்துக்கு மேல் போகாது. பதினெட்டு வயதுக்குக் கீழே இலவசம். இதற்கெல்லாம் மேலே ஒரு கூரை உண்டு. இப்படிக் கட்டுவது வருட வருமானத்தில் இரண்டு சதவீதத்தைத் தாண்டக் கூடாது, நாள்பட்ட நோய் உள்ளவருக்கு ஒரு சதவீதம். இந்த ஒரு சதவீத விதியைப் படித்த அன்று எனக்குப் பொறாமையாக இருந்தது. சர்க்கரைக்காரன் வாழ்நாள் முழுக்கக் கட்டுவான் என்று யோசித்து எழுதிய விதி அது.

அங்கே இதற்கு வேர் 1883இல் பிஸ்மார்க் கொண்டுவந்த நோய்க் காப்பீட்டுச் சட்டம். கூலியில் அடிப்படையாக 14.6 சதவீதம், முதலாளி பாதி, தொழிலாளி பாதி, மேலே கொஞ்சம் கூடுதல் பங்கு.

இதை அப்படியே நெல்லைக்குக் கொண்டுவாருங்கள் என்று சொன்னால் எங்கே இடிக்கும் தெரியுமா? முதலாளி யார் என்ற இடத்தில். பீடி சுற்றுகிறவளுக்கு இலையும் தூளும் கொடுப்பவர் ஒருவர், கட்டை எண்ணி வாங்குபவர் ஒருவர், லேபிள் ஒட்டும் கம்பெனி வேறு. பனை ஏறுகிறவருக்கும் ஆடு மேய்க்கிறவருக்கும் முதலாளியே இல்லை. ஆனாலும் பீடிக்கு நம் நாட்டில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். 1976 சட்டத்தில் ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று உற்பத்தியிலேயே தீர்வை வாங்கி, அதில் பீடித் தொழிலாளருக்கு மருந்தகங்கள் நடத்தினார்கள். முக்கூடலில் ஆஸ்பத்திரியே உண்டு. முதலாளி யாரென்று தேடாமல் சரக்கில் கை வைத்தது நல்ல யோசனை. 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது அந்தத் தீர்வையை எடுத்துவிட்டார்கள். இப்போது பட்ஜெட்டில் ஒதுக்குவதுதான். தனக்கென்று ஒரு வருமானம் இருந்த நிதி, கை ஏந்தும் நிதியாக ஆனது. இதைப் பற்றி இந்தப் பக்கம் யாரும் பெரிதாகப் பேசக் காணோம்.

ஜூன் 23

முந்தைய குறிப்போடு சேர்த்துப் படிக்க: மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டம். 1951 தோட்டத் தொழிலாளர் சட்டப்படி ஆஸ்பத்திரி வசதி செய்து கொடுப்பது தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பாக இருந்தது. வேலை இருக்கும்வரை அது இருந்தது. 2024இல் வேலை முடிவுக்கு வந்ததும் மலையிலிருந்து இறங்க வேண்டியவர்களுக்கு வீட்டுக் கவலையோடு இந்தக் கவலையும் சேர்ந்தது. அமெரிக்காவில் வேலையோடு மருத்துவக் காப்பீட்டைக் கட்டிவைத்தது இரண்டாம் உலகப் போர்க் காலத்தில். கூலியை உயர்த்தக் கூடாது என்று அரசு தடை போட்டதும், ஆள் பிடிக்கக் கம்பெனிகள் காப்பீட்டைச் சலுகையாகக் கொடுத்தன. 1965இல் முதியோருக்கும் ஏழைகளுக்கும் தனித்தனித் திட்டம், 2010இல் இன்னொரு சட்டம் என்று எத்தனை வந்தும் இன்னும் இரண்டு கோடிக்கு மேற்பட்டவர்கள் எதிலும் சேராமல் நிற்கிறார்கள். வேலை போனவனுக்குத்தான் மருத்துவம் அதிகம் வேண்டும். அதை வேலையோடு முடிச்சுப் போடுவது எனக்கு ஒப்பவே இல்லை.

ஜூன் 29

கனடா, சுருக்கமாக. சஸ்காட்சவான் மாகாணத்தில் டாமி டக்ளஸ் போட்ட வித்து. 1962 ஜூலையில் திட்டம் தொடங்கிய அன்றே மருத்துவர்கள் வேலைநிறுத்தம், 23 நாள். பிறகு நாடே அந்த வழிக்கு வந்தது. டாக்டருக்கும் ஆஸ்பத்திரிக்கும் காசு இல்லை. ஆனால் வீட்டில் சாப்பிடும் மருந்தை வெளியே விட்டுவிட்டார்கள்.

இன்சுலினைக் கண்டுபிடித்தது எங்கே? அதே கனடாவில், டொரொண்டோவில், 1921இல். பான்டிங்கும் கூட இருந்தவர்களும் காப்புரிமையைப் பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு ஒரு டாலருக்குக் கொடுத்தார்கள், எல்லோருக்கும் கிடைக்கட்டும் என்று. அந்த நாட்டில் சர்க்கரை மருந்துக்கு நாடு தழுவிய சட்டம் வந்தது 2024 அக்டோபரில். அதுவும் மாகாணங்கள் ஒவ்வொன்றாக ஒப்பந்தம் போட வேண்டும். நூறு வருடத்துக்கு மேல். மருந்துச் சன்னலை வெளியே வைத்துவிட்டுக் கட்டடம் கட்டினால் பிறகு உள்ளே கொண்டுவருவது எவ்வளவு கஷ்டம் என்று பாருங்கள். நாம் அட்டையை மட்டும் வளர்த்துக்கொண்டே போனால் நமக்கும் இதுதான் நடக்கும் என்பது என் பயம்.

ஜூலை 10

தேரோட்டம் முடிந்து வந்த உறவுக்காரர்கள் எல்லாம் கிளம்பிவிட்டார்கள். வீட்டில் பேச்சு இதைப் பற்றியே போனது. திசையன்விளைப் பக்கத்து மைத்துனர் கோபமாகவே கேட்டார்: "பனையிலிருந்து விழுந்தவனுக்கு உங்க மாத்திரை என்ன செய்யும்?"

அவர் கேட்டது நியாயம். அவர் ஊரில் பனையிலிருந்து விழுந்து முதுகெலும்பு ஒடிந்தவருக்கு அட்டைதான் ஆபரேஷன் செய்துவைத்தது. நாங்குநேரி நாற்கரச் சாலையில் அடிபடுகிறவர்களுக்கு முதல் 48 மணி நேரச் செலவை அரசே ஏற்கும் திட்டம் 2021 டிசம்பரில் வந்தது. 108 வண்டி 2008இலிருந்து ஓடுகிறது. இவை உயிரைக் காப்பவை. ஜூன் 8இல் ஆபரேஷன் தியேட்டர் பற்றி நான் எழுதிய வரியோடு இதையும் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் மைத்துனரிடம் திருப்பிக் கேட்டேன், ஆபரேஷனுக்குப் பிறகு அந்த ஆளுக்கு என்ன ஆயிற்று என்று. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. சிறுநீர்க் குழாய் மாற்ற வேண்டும், புண் வராமல் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், பஞ்சு, மருந்து, ஆள். மனைவி பதநீர் காய்ச்சும் வேலையை விட்டுவிட்டாள். அந்த வீட்டை விழ வைத்தது ஆபரேஷன் செலவு இல்லை, அதற்குப் பின்னால் வந்த வருடங்கள்.

இங்கேதான் ஜப்பான் நினைவுக்கு வருகிறது. 1961இல் நாடு முழுவதும் காப்பீட்டுக்குள் வந்தது. பொதுவாக முப்பது சதவீதம் கையிலிருந்து கொடுக்க வேண்டும், கேட்க அதிகமாகத் தெரியும். ஆனால் ஒரு மாதத்தில் இவ்வளவுக்கு மேல் கொடுக்க வேண்டாம் என்ற வரம்பு 1973இலிருந்து உண்டு. எந்த ஆஸ்பத்திரியானாலும் ஒரே சிகிச்சைக்கு ஒரே விலை, அந்த விலைப் பட்டியலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அரசு திருத்துகிறது. 2000இல் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு என்று தனியாக ஒன்றைக் கொண்டுவந்தார்கள். நாற்பது வயதிலிருந்து எல்லோரும் கட்ட வேண்டும். படுக்கையில் கிடப்பவரைக் குளிப்பாட்ட, புரட்ட, வீட்டுக்கு ஆள் வரும். இங்கே மக்களைத் தேடி மருத்துவத்தில் இயன்முறை சிகிச்சைக்கும் வலி தணிக்கவும் வீட்டுக்கு வருகிறார்கள், நல்ல தொடக்கம். பராமரிக்கிற மனைவியின் கூலியைப் பற்றித்தான் யாரும் இன்னும் யோசிக்கவில்லை.

ஜூலை 11

பேச்சு கொஞ்சம் விலகுகிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். "கவர்மெண்டு மாத்திர நமக்குக் கேக்க மாட்டேங்கு" என்ற பேச்சு நெல்லையில் எந்த ஊரிலும் கேட்கும். ஓர் ஆச்சி, "எய்யா, போன மாசம் மஞ்சளா தந்த, இது வெள்ளையா இருக்கே, ரெண்டையும் கலந்து தின்னா வெளிர் மஞ்சளா வேல செய்யுமோ?" என்று கேட்டார். வரிசையே சிரித்தது. சிரித்துவிட்டு எல்லோரும் அதே சந்தேகத்தோடுதான் என் முகத்தைப் பார்த்தார்கள். கம்பெனி மாறும்போது நிறம் மாறும், உள்ளே மருந்து அதேதான் என்று பொறுமையாகச் சொல்ல ஒருவருக்கு இரண்டு நிமிடம் வேண்டும். அந்தச் சன்னலில் அந்த இரண்டு நிமிடம் கிடையாது. ஆள் கூட்டிப்போடுவது வீண்செலவு என்று நினைக்கிறார்கள். நம்பிக்கை உண்டாவது அந்த இரண்டு நிமிடத்தில்தான்.

நம்பிக்கை என்றதும் அரவிந்த் கண் மருத்துவமனை. எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரத்தில் பிறந்த டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி, மூட்டுவாதத்தால் விரல்கள் கோணிப்போன பிறகும் அறுவை சிகிச்சை பழகி, 1976இல் மதுரையில் பதினொரு படுக்கையோடு தொடங்கியது. காசு கொடுப்பவருக்கும் கொடுக்காதவருக்கும் அதே டாக்டர், அதே அறுவை. வெளிநாட்டார் வந்து படித்துப்போகும் இன்னொரு பாடம் நம் பக்கத்தில் பிறந்தது. ஆனால் கண்புரை ஒரு தடவை எடுத்தால் முடிந்தது. சர்க்கரை முப்பது வருட வேலை. அதைக் கொடையாலும் முகாமாலும் நடத்த முடியாது, அரசுதான் நடத்த வேண்டும்.

ஜூலை 20

இதற்கெல்லாம் பணம் எங்கே என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

பிரிட்டனில் சுகாதாரச் சேவை தொடங்கிய 1948 ஜூலை 5 அன்று ரொட்டிக்கு ரேஷன் இருந்தது. போரில் இடிந்த ஊர்களில் இன்னும் வீடு கட்டி முடிக்கவில்லை. தாய்லாந்தின் பாட் 1997இல் சரிந்தது, திட்டம் வந்தது 2002இல். இலங்கை கட்டணத்தை எடுத்தபோது பணக்கார நாடு இல்லை. பணம் சேர்ந்த பிறகு பார்க்கலாம் என்று உட்கார்ந்திருந்த நாடு இவற்றில் ஒன்றுகூட இல்லை. நம் நாட்டிலேயே 1946இல் ஜோசப் போர் என்பவர் தலைமையிலான குழு, காசு கொடுக்க முடியாததால் யாருக்கும் சிகிச்சை இல்லாமல் போகக் கூடாது என்று எழுதி வைத்தது. 2017 தேசியச் சுகாதாரக் கொள்கை, அரசு செலவை நாட்டு வருமானத்தில் 2.5 சதவீதமாக 2025க்குள் உயர்த்துவோம் என்றது. 2021-22இல் அது 1.84 சதவீதம்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். 2022இல் இலங்கையில் டாலர் தீர்ந்தபோது ஆஸ்பத்திரிகளில் மருந்தும் தீர்ந்தது. மருந்தில் பெரும்பகுதி இறக்குமதி. நல்ல முறை இருந்தும் கஜானா காலியானால் சன்னல் மூடும். நமக்கு அந்தச் சிக்கல் குறைவு, மாத்திரை செய்யும் தொழிற்சாலைகள் நம் நாட்டிலேயே உண்டு.

நான் கேட்பது பெரிய தொகையும் இல்லை. மருந்துச் சன்னல் மாலையிலும் ஒன்றிரண்டு மணி நேரம் திறந்திருக்கட்டும், பீடிக் கட்டைக் கடையில் ஒப்படைத்துவிட்டு வருகிறவளுக்கு. சர்க்கரையும் பிரஷரும் சீராக இருப்பவருக்கு இரண்டு மாத மாத்திரையை ஒன்றாகக் கொடுக்கட்டும். சன்னலுக்கு இன்னொரு மருந்தாளுநர். காப்பீட்டுக்குப் போகும் பணத்தில் ஒரு பங்கை, தாய்லாந்துபோலத் தலைக்கணக்கில், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே திருப்பட்டும். வட்டாரத்தில் கால் இழப்பவர் எண்ணிக்கை குறைந்தால் அந்த நிலையத்துக்கு அடுத்த வருடம் கூடுதலாகக் கொடுக்கட்டும்.

ஜூலை 27

அம்பாசமுத்திரம் தங்கை ஒருவர் தன் அம்மாவுக்குத் தனியார் மருத்துவமனையில் எழுதிக் கொடுத்த சீட்டை விவரமாக எழுதி, இதெல்லாம் அரசில் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறார். எல்லோருக்கும் பயன்படும் என்பதால் இங்கேயே சொல்கிறேன்.

மாத்திரை அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதற்குப் பக்கத்திலோ கீழேயோ மருந்தின் பெயரும் மில்லிகிராமும் இருக்கும். அதைத் தனியாக ஒரு தாளில் எழுதிக்கொள்ளம்மா. நீ எழுதியதில் மெட்ஃபார்மினும் அம்லோடிபினும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே உண்டு. மற்ற இரண்டும் இரண்டு மருந்து சேர்ந்த கூட்டு மாத்திரைகள், அவை அப்படியே அங்கே இருக்காது. டாக்டரிடம் தாளைக் காட்டினால் தனித்தனி மருந்தாக மாற்றி எழுத முடியுமா என்று பார்ப்பார். முடியாது என்றால் முதல்வர் மருந்தகத்திலோ மக்கள் மருந்தகத்திலோ மருந்தின் பெயரைச் சொல்லிக் கேள், விலை நன்றாகக் குறையும். டாக்டர் பார்த்துச் சொல்லாமல் நீயாக எதையும் மாற்றாதே, நிறுத்தவும் செய்யாதே. மாற்றிய பிறகு ஒரு மாதம் கழித்து சர்க்கரையும் பிரஷரும் திரும்பப் பார்க்க வேண்டும். போகும்போது பழைய சீட்டையும் காலி அட்டைகளையும் கையோடு கொண்டு போ.